பெருவிரல் உட்காரும் இடம்

போன வாரம் சஜிதா போன் பண்ணினாள். நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பட்டறையில் இப்போது பைப் செதுக்குகிற நான்கு பேரில் அவள் ஒருத்தி. பைப் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, புகையிலை அடைத்துப் புகைக்கிற பைப். கோவளத்திலிருந்து விழிஞ்ஞம் போகிற வழியில் இருக்கிறது அந்தப் பட்டறை.

"அண்ணாச்சி, வெப்சைட்டுல எல்லாருக்க போட்டோவும் போடுதாங்க. கீழ அவங்கவங்க ஸ்டைல் எந்தாணுன்னு ரெண்டு வரி எழுதித் தரணுமாம். எனக்கு ஒண்ணும் தோணல்ல. நீங்க சொல்லித் தாங்க" என்றாள்.

இரண்டு வரியாம்! எனக்கு ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது என்று தெரியவே பதினோரு வருஷம் ஆயிற்று. போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். என் மனைவி செண்பகம் பார்த்துவிட்டு, "பழைய கதை கிளம்பியாச்சா? என்கிட்ட மறுபடி சொல்லாண்டாம். எழுதி அந்தப் பிள்ளைக்கே அனுப்புங்க" என்றாள். நியாயம்தான். அவள் எத்தனை தடவைதான் கேட்பாள்? ஆகவே எழுதுகிறேன், சஜிதா. இரண்டு வரியில் அடங்காது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளில் ஒரு பீடி கூடப் பிடித்ததில்லை. புகையிலை வாடை அடித்தால் எனக்குத் தலை வலிக்கும். பட்டறையில் எங்கள் மேனேஜராக இருந்த ஸ்டெல்லா மேடமும் அப்படியே. பைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து உலகத்துக்கு நல்ல பைப் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று செண்பகம் இன்றைக்கும் கேலி செய்வாள்.

நான் நாகர்கோவில் பக்கத்து ஆள். திருவனந்தபுரத்துக்கு வந்து, வலியசாலையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு மரச்சாமான் கடையில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தேன். கடைசல் கை இருக்கிறது என்று பைப் பட்டறையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருஷம் துளை போடவும் உப்புத்தாள் தேய்க்கவும் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைப்பில் இரண்டு துளை. புகையிலை நிறைக்கிற கிண்ணம் ஒன்று. கழுத்து வழியாக வருகிற மெல்லிய புகைவழி இன்னொன்று. அந்த மெல்லிய துளை, கிண்ணத்தின் அடிமட்டத்தில் சரியாகப் போய் முட்ட வேண்டும். அரிசி அகலம் மேலே போனாலும் அடியில் ஈரம் தேங்கும், புகைக்கிறவன் வாயில் கசப்பு ஏறும். அந்த இரண்டு வருஷத்தில் நான் கெடுத்த கட்டைகளை அடுக்கினால் ஒரு தொட்டில் செய்யலாம். நல்லவேளை, அவையெல்லாம் உள்ளூர் மரம். பிரையர் என்று ஒரு செடியின் வேர்க்கட்டை வெளிநாட்டிலிருந்து வரும். நெருப்புக்கு அது அசையாது. அதைத் தொட மூன்றாம் வருஷம்தான் விட்டார்கள்.

ஸ்டெல்லா மேடம் விழிஞ்ஞத்துக்காரி, மீன்பிடிக் குடும்பம், என்னைவிட ஆறு வயது இளையவர். பொதி கட்டுகிற வேலைக்கு வந்து, சோதனை பார்க்கிற இடத்துக்கு ஏறி, மேனேஜர் ஆனவர். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். இங்கே எல்லாம் மேடம்தான். அவர் ஒரு பைப்பைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். இடது கையில் வைத்து இரண்டு தடவை மெல்ல ஏற்றி இறக்குவார், அது எடை. வாயில் வைத்து ஊதுவார், இழுப்பார், அது காற்று. பஞ்சு சுற்றிய கம்பி ஒன்றை வாய்த்தண்டு வழியாக விடுவார். கம்பி எங்கும் தடுக்காமல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு பைப்பை முழுக்கத் தடவுவார். அப்போது யாரும் பேசக் கூடாது. தேறினால் "போகட்டும்" என்பார், அது விற்பனைக்குப் போகும். தேறாவிட்டால் "இருக்கட்டும்" என்பார், அது மேஜைக்கடியில் இருந்த மரப்பெட்டிக்குள் விழும். நன்றாயிருக்கிறது என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

எல்லாப் பைப்பிலும் பட்டறை முத்திரைதான் இருக்கும். ஆனால் ஒருவனுக்குச் சொந்த முத்திரை கிடைத்துவிட்டால், பிரையர் மூட்டை பிரிக்கும்போது முதல் கட்டையை அவன் எடுக்கலாம், வாரத்தில் ஒரு நாள் தன் இஷ்டத்துக்குச் செதுக்கலாம். நெய்யாற்றின்கரை ராஜப்பனுக்கு மட்டும் அது இருந்தது. அவன் கிண்ணத்தின் விளிம்பை இலை மாதிரி மெலிதாக இழைப்பான். முத்திரை கிடைப்பதற்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் ஆர்டர் எல்லாம் போன பிறகு ஒரு நாள், கேட்கிறவனுடைய மூன்று பைப்பும் மற்றவர்களுடைய ஒன்பது பைப்பும் ஒரு தட்டில் கலந்து வைக்கப்படும். மேடம் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி, அந்த மூன்றையும் எடுக்க வேண்டும். எடுத்தால் முத்திரை. இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

"ஏன் மேடம் கண்ணக் கட்டணும்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"புகைக்கிறவரு கையில பிடிச்சோண்டு கடலப் பாத்தோண்டு இருப்பாரு. பைப்பப் பாக்க மாட்டாரு. பின்ன நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

எனக்கு அந்த முத்திரை மேல் வெறி. என் கையிலிருந்து போன பைப் எந்த ஊரில் எவன் வாயில் இருக்கிறதோ, அது தாணு செய்தது என்று ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டாமா? எட்டாம் வருஷம் துணிந்து கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், மூன்று பைப்பிலும் கிண்ணத்தை யானை முகமாகச் செதுக்கினேன். தும்பிக்கை கழுத்தாக நீளும். குருடனும் கண்டுபிடிப்பான் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். ராஜப்பன் எப்படியோ மோப்பம் பிடித்து, அவனும் மூன்று யானை செதுக்கித் தட்டில் போட்டுவிட்டான். மேடம் தடவினார். ஆறு யானையை எடுத்து வரிசையாக வைத்தார்.

"யானை ஆறும் கிட்டியாச்சு. இதுல ஆரு அண்ணாச்சி, ஆரு ராஜப்பன்னு எனக்குத் தெரியல்ல" என்றார்.

ராஜப்பன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வருஷம் வெளிநாட்டுப் பட்டியல் புத்தகத்தைப் பார்த்து, நாரைக் கழுத்து மாதிரி நீளமாக மூன்று செய்தேன். மேடம் தொட்டவுடனே, "இது புத்தகத்துல உள்ளது" என்று தள்ளிவிட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று என் அம்மா சொல்வாள். என் சட்டியில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி, அதற்கடுத்த வருஷம் கேட்கவே இல்லை.

பதினோராம் வருஷம், மழைக்காலத்தில், குரியன் சார் வந்தார். ஓய்வு பெற்ற என்ஜினியர், சாஸ்தமங்கலத்தில் வீடு. கைக்குட்டையில் சுற்றிய ஒரு பைப்பை மேஜை மேல் வைத்தார். கிண்ணத்தின் அடி எரிந்து ஓட்டை விழுந்திருந்தது. அது அவருடைய அண்ணன் மாத்யூ சாருடையது. மாத்யூ சார் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கொண்டுவருகிற வேலை பார்த்தவர். நாற்பது வருஷமாக ஒரே பைப். கண் இரண்டும் போய்விட்டது, இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். பைப்பில் விரிசல், ஒட்டுப் போடக் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"வேற பைப்பு மூணு வாங்கிக் கொடுத்து நோக்கியாச்சு. தொட்டு உடனே கீழ வைக்கும். ஊணு கூட சரிக்குக் கழிக்கிறதில்ல" என்றார் குரியன் சார். சாப்பாடு கூடச் சரியாக இறங்கவில்லை என்கிறார். "இதே போல ஒண்ணு வேணும். சேட்டன் அறியக் கூடாது."

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி செய்யும்" என்றார்.

என்னை ஏன் சொன்னார் என்று அப்போது கோபம்தான் வந்தது. சொந்தமாக ஒன்றும் இல்லாதவன்தான் நகல் எடுக்கச் சரியான ஆள் என்று நினைக்கிறாரோ என்று தோன்றியது. ஆனால் வேலையில் இறங்கியதும் கோபம் பறந்துவிட்டது. கண் தெரியாதவருக்கு ஒரு நகல்! நிறம் எப்படியிருந்தாலும் கவலையில்லை. விரல், உதடு, எடை, இவை மூன்றும் ஏமாற வேண்டும். காலிப்பர் வைத்து இருபத்தொரு இடத்தில் அளந்து குறித்தேன். அட்டையில் வளைவுகளை வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்தேன். சாலை பஜாரில் ஒரு நகைக்கடைக்காரரிடம் கெஞ்சித் தராசில் நிறுத்தேன். கத்தி முனையில் வைத்து எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்தேன். சாம்பல் தட்டித் தட்டி விளிம்பின் வலது பக்கம் மழுங்கியிருந்தது. அதே அளவு மழுங்க, ஒரு கல்லில் தட்டிக்கொண்டே இருந்தேன். வாய்த்தண்டில் மாத்யூ சாருடைய பல் தடம் இருந்ததால் பழைய தண்டையே பொருத்தினேன். புதுக் கிண்ணத்தில் பச்சைச் சுவை அடிக்குமே என்று மேடம் சொன்னார். அதற்கு குரியன் சாரே ஒரு வழி சொன்னார். செதுக்கி முடித்ததும் இருபது நாள் தானே இருமிக்கொண்டு புகைத்துப் பழக்கித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

செதுக்கி முடித்த அன்று காலை மேடம் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டார். பழையது ஒரு கையில், புதியது ஒரு கையில் கொடுத்தேன். எரிந்த ஓட்டையை மெழுகால் அடைத்து, வாய்த்தண்டைக் கழற்றி வைத்திருந்தேன்.

"இது புதுசு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். "இது." மறுபடி மாற்றினேன். "இதுதான்."

"எப்படி மேடம்? ஒரு நூல் வித்தியாசம் இல்லையே!"

"இதுல ஆரோ இருக்கு" என்றார்.

கண் கட்டை அவிழ்க்காமலே என் இடது கையைப் பிடித்து, என் பெருவிரலைப் பைப்பின் மேல் வைத்தார். கழுத்து வந்து கிண்ணத்தோடு சேர்கிற இடம், இடது பக்கம். "இங்க ஒரு சரிவு உண்டு. பழசுல இல்ல." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரல் அங்கே சுகமாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அப்படி. நான் அளந்த இருபத்தொரு இடத்தில் அந்த இடம் இல்லை.

மேடம் கட்டை அவிழ்த்துவிட்டு மேஜைக்கடியில் இருந்த மரப்பெட்டியை வெளியே இழுத்தார். "இருக்கட்டும்" என்று விழுந்த பைப் எல்லாம் அதில் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கழுத்தடியைத் தடவிப் பார்த்து என்னுடையதை மட்டும் எடுத்து வைக்க ஆரம்பித்தார். எடுத்த ஒவ்வொன்றிலும் அந்தச் சரிவு இருந்தது. துளை தவறியதில் இருந்தது. நாரைக் கழுத்தில் இருந்தது. யானையில் கூட இருந்தது! "யானைச் செவிக்குக் கீழ ஒளிஞ்சு கெடந்தா நான் எப்படிக் காணும், அண்ணாச்சி?" என்றார்.

அந்தச் சரிவு எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் யாரிடமும் சொல்லாத ஒன்று. நான் கடைசல் பரம்பரை இல்லை. எங்கள் வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்து சந்தையில் விற்போம். பத்து வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் சிரட்டையில் காம்பு மாட்டினேன். காம்பு சிரட்டையோடு சேர்கிற இடத்தில் பெருவிரல் பதிய ஒரு சரிவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி கோரும்போது அகப்பை கைக்குள் திரும்பிவிடும். கட்டில் கால் கடைகிறவன் என்று சொன்னால் மதிப்பு, அகப்பைக்காரன் என்றால் என்ன மதிப்பு என்று மறைத்து வைத்திருந்தேன். என் கை மறைக்கவில்லை. அத்தனை பைப்பிலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இனி அத எடுத்துக் களயணும்."

"மேடம், பதினோரு வருஷம் தேடினது இது."

"தெரியும். பக்ஷே இது மாத்யூ சாருக்க பைப்பு. உங்களுக்க இல்ல. அவரு விரல் வச்சதும் வேற ஒரு ஆளு அங்க இருந்தா, அந்த மனுசன் இதையும் கீழ வைப்பாரு."

அந்த மனிதர் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் ஒரு மணி நேரம் அரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்தேன். முதலில் அரம், பிறகு முரட்டு உப்புத்தாள், பிறகு நைசு. நாலு இழுப்பு, ஒரு தடவல், மறுபடி நாலு இழுப்பு. கண்டுபிடித்த அன்றைக்கே அதை என் கையாலேயே துடைத்தெடுத்தேன். பொழுது சாயும் நேரத்தில் மேடம் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் வாங்கினார். வெகு நேரம் தடவினார். "இதா புதுசு?" என்று பழையதை நீட்டினார். நான் சிரித்தேன். அழவும் செய்தேன். "போகட்டும்" என்றார்.

குரியன் சார் இருபது நாள் புகைத்து இருமி, அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பழையபடி புகைக்கிறார், சாப்பிடுகிறார் என்று போனில் சொன்னார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் பட்டறை வாசலில் கார் வந்து நின்றது. குரியன் சார் கையைப் பிடித்துக்கொண்டு நெட்டையான ஒரு கிழவர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, வாயில் அந்தப் பைப். தூத்துக்குடியில் இருந்தவர் என்பதால் நல்ல தமிழ் பேசினார்.

"இத செஞ்ச ஆளு யாரு?"

"நான்தான் சார். தாணு."

"தம்பி கொடுத்த ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும், இது என்னோடது இல்லன்னு. எனக்காக அவன் அவ்வளவு இருமியிருக்கான், பாவம். அதனால ஒண்ணும் சொல்லல." குரியன் சார் அதிர்ந்துபோய் நின்றார். மாத்யூ சார் பாட்டுக்குப் பைப்பின் கழுத்தடியில் பெருவிரலை வைத்தார். "எல்லாம் சரியா இருக்கு. இந்த ஒரு எடம் மட்டும் ரொம்பச் சுத்தமா இருக்கு. இங்கேயிருந்து என்னமோ எடுத்திருக்கீங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார். நாலு இழுப்பு அதிகமாகப் போய்விட்டிருக்கிறது. பதினோரு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று நினைத்தேன்.

"ஆமா சார். எடுத்தேன். மன்னிக்கணும்."

"மன்னிப்பு எதுக்கு? மூணு மாசமா என் விரல் அந்த எடத்தையே சுத்திச் சுத்தி வருது. எடுத்தீங்களே, அத எனக்குக் கொடுங்க."

மேடம் மேஜைக்கடியில் குனிந்தார். மரப்பெட்டியை இழுத்து, அதிலிருந்த எல்லோருடைய பைப்பையும் ஒரு தட்டில் கொட்டிக் கலந்து, மாத்யூ சார் முன்னால் வைத்தார். "சார் தேடுற சாதனம் இதுல உண்டு. எடுத்து நோக்கணும்" என்றார். துப்பட்டா தேவைப்படவில்லை.

அவர் நின்றபடியே தடவினார். ஒன்றை எடுப்பார், கழுத்தடியில் பெருவிரலை வைப்பார், வைத்துவிடுவார். சிலதை மட்டும் பக்கத்தில் ஒதுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நிற்கவில்லை. ஏழு ஒதுக்கினார். ஏழும் என்னுடையவை. கடைசியாக எடுத்ததைத் தடவிவிட்டு, "இது என்ன, யானையா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"சரி, விவரம் இல்லாத வயசுல செஞ்சிருப்பீங்க" என்றார். நாற்பத்திரண்டு வயதில் செய்தது என்று நான் சொல்லவில்லை. ராஜப்பன் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டான்.

மேடம் அலமாரியைத் திறந்து, ஓர் அங்குல நீளமுள்ள வெற்று இரும்பு ஆணியை எடுத்து என் கையில் வைத்தார். சாலை பஜாரில் கொடுத்து அடையாளம் வெட்டிக்கொண்டு வர வேண்டும், அதுதான் முத்திரை. "என்ன வெட்டணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஒரு சிரட்டை, ஒரு காம்பு என்றேன். அன்றைக்குத்தான் மேடம் பல் தெரியச் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

சஜிதா, உனக்கு இரண்டு வரி வேண்டும் அல்லவா? உன்னுடையது என்னவென்று எனக்குத் தெரியாது, நீயும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வேறு ஒருவர் செய்ததை உன் சாடை துளியும் இல்லாமல் அப்படியே செய்ய முயற்சி செய், பிறகு கண்ணைக் கட்டிய ஒருவர் கையில் கொடு. வெப்சைட்டில் அதுவரைக்கும் "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று போடச் சொல், ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த வருஷ மூட்டையில் முதல் கட்டையை நான்தான் எடுத்தேன். மாத்யூ சாருக்கு ஒன்று செய்தேன். சரிவை மறைக்கவில்லை, கூட்டவும் இல்லை, கை போன போக்கில் விட்டேன். அடியில் முத்திரை அடித்தேன். பதினோரு வருஷம் காத்திருந்த முத்திரை ஆயிற்றே, வாங்கியதும் அதைத் தடவிப் பார்ப்பார் என்று அவர் வீட்டில் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் பைப்பைத் திருப்பவே இல்லை. பெருவிரல் நேராகப் போய்க் கழுத்தடியில் உட்கார்ந்தது. "ஆ, தாணு" என்றார்.